எழுதி வைத்தவர்கள்: ஒரு றேடியோக் கடை நாட்குறிப்பு

28.04.2023, வெள்ளி

கடை பூட்டும் நேரம் தங்கச்சியின் மகன் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தோடு வந்தான். கனடாவிலிருந்து வந்த சிநேகிதன் கொடுத்துவிட்டுப் போனானாம். சோனிக் கொம்பனியைத் தொடங்கிய இருவரில் ஒருவரான அக்கியோ மொரிட்டா 1986இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பு. பெயர் ‘மேட் இன் யப்பான்’. என் கையால் எத்தனை சோனி றேடியோ திறந்து மூடியிருக்கிறேன். அதைச் செய்தவர்களின் கதை எனக்குத் தெரியாது.

என் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. சின்ன எழுத்துப் பிடிபடாது. “நான் வாசிச்சுத் தமிழில சொல்லுறன் மாமா. நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ” என்றான்.

அவன் கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படித்தவன். போன வருடம் டொலர் நெருக்கடியில் நாடு இருளில் கிடந்தபோது, பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களில், கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போட்டார்கள். இவன் இரண்டு சிநேகிதரோடு இங்கேயே ஒரு சிறு கொம்பனி தொடங்க நிற்கிறான். தண்ணீர்த் தாங்கி நிரம்பியதும் கிணற்று மோட்டரைத் தானே நிறுத்தும் கருவி. என் கடையின் பின் அறையில்தான் மேசை போட்டிருக்கிறான். இரவு ஒரு அத்தியாயமாக வாசிப்பது என்று முடிவு செய்தோம். கேட்டதை மறக்காமல் இந்தப் பழைய பில் கொப்பியில் எழுதிக்கொள்கிறேன்.

29.04.2023, சனி

1945 ஆவணியில் யப்பான் சரணடைந்தது. டோக்கியோ எரிந்து கிடந்தது. நிஹோன்பாஷியில் குண்டுபட்டு நின்ற ஷிரோக்கியா என்ற பெரிய கடைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், மசாரு இபுக்கா என்ற எஞ்சினியர் சில ஆட்களோடு வந்து உட்கார்ந்தார். அவருக்கு அப்போது 37 வயது. அந்த ஆட்களுக்குக் கொடுக்க ஒரு தொழில் வேண்டும். தொடங்கியது என்ன? றேடியோ திருத்தும் வேலை.

மருமகன் புத்தகத்திலிருந்து தலையை எடுத்தான். “மாமா, இவையள் தொடங்கினதும் உங்கட கடை மாதிரி ஒண்டிலதான்.”

நான் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் அவன் சொன்னது இன்னும் நெருக்கமாக இருந்தது. யுத்த காலத்தில் யப்பானிய அரசு சிற்றலை கேட்பதைத் தடைசெய்திருந்தது. யுத்தம் முடிந்ததும் வெளியுலகம் என்ன சொல்கிறது என்று அறிய மக்கள் தவித்தார்கள். வீட்டிலிருந்த சாதாரண மத்திய அலை றேடியோவிலேயே சிற்றலையும் கேட்கும்படி இபுக்கா ஒரு சின்ன இணைப்பைச் செய்து பூட்டிக் கொடுத்தார். ஆட்கள் வரிசையில் வந்தார்கள்.

அந்தத் தவிப்பு எனக்குத் தெரியும். 1990இல் யுத்தத்தால் யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கரண்ட் நின்றது. பற்றரி அரசின் தடைப்பட்டியலில் சேர்ந்தது. வெரித்தாஸ் வானொலியும் பிபிசி தமிழோசையும் கேட்காமல் இரவு படுக்க யாராலும் முடியாது. எங்கே குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்தது, யார் போனார்கள் என்று அவை சொல்லித்தான் தெரியும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். டைனமோ தருவது 6 வோல்ற். நான்கு ரோச் பற்றரிக்குச் சமம். ஆனால் அது திசை மாறி மாறி வரும் கரண்ட். அப்படியே கொடுத்தால் றேடியோ உறுமும், பிறகு செத்துப்போகும். நான்கு டயோட்டைப் பாலம்போலக் கட்டி, கப்பாசிற்றர் ஒன்றைக் குறுக்கே போட்டால் கரண்ட் ஒரு திசைப்படும். டயோட்டுக்கு எங்கே போவது? பழுதான ரிவிகளைத் திறந்து ஒவ்வொன்றாகக் கழற்றினோம். சொல்டரிங் அயனைச் சிரட்டைக் கரி நெருப்பில் காய்ச்சினோம். பழைய பிளேற்றுகளில் இருந்த ஈயத்தை உருக்கித் திரும்பவும் பாவித்தோம்.

கை தளர்ந்தால் செய்தியும் தளரும். முக்கியமான வரி வரும்போது, சுற்றுகிற பிள்ளையைப் பார்த்து எல்லோரும் “சுத்தடா, சுத்தடா” என்பார்கள்.

30.04.2023, ஞாயிறு

மொரிட்டா எப்படி வந்து சேர்ந்தார் என்பதை இன்று கேட்டேன்.

அவர் நகோயாப் பக்கத்தில் பல தலைமுறையாக அரிசி மது வடிக்கும் குடும்பத்தின் மூத்த மகன். 1921இல் பிறந்தவர். யுத்தத்தில் கடற்படையின் ஆராய்ச்சிக் குழு ஒன்றில் இருந்தபோது, தன்னைவிடப் பதின்மூன்று வயது மூத்த இபுக்காவைச் சந்தித்துப் பழகியிருந்தார். யுத்தம் முடிந்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். 1945 ஒக்டோபர் 6ஆம் திகதி ‘அசாகி’ பத்திரிகையின் சிறு பத்தி ஒன்றில், சாதாரண றேடியோவைச் சிற்றலை றேடியோ ஆக்கித் தருகிறார் இபுக்கா என்று சில வரிகள் வந்தன. ஊரில் இருந்த மொரிட்டா அதை வாசித்தார். உடனே கடிதம் போட்டார். பதிலும் உடனே வந்தது. சம்பளத்தைச் சொந்தக் காசில் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், வா என்று இபுக்கா எழுதினார்.

இதைக் கேட்டபின் எனக்கு வேலை ஓடவில்லை. அந்தச் சில வரிகள் அச்சாகாமல் போயிருந்தால் இருவரும் மறுபடி எப்போது சேர்ந்திருப்பார்கள்? ஒரு திருத்தற் கடையில் நடந்ததை ஒருவர் பார்த்தார், எழுதினார், இன்னொருவர் வாசித்தார். சோனியின் அத்திவாரத்தில் அந்தப் பத்தியும் ஒரு கல்.

எங்களுடைய ஐந்து வருடத் தடைக்காலத்தில் குடாநாடு முழுவதும் கைகள் செய்தவற்றை யார் எழுதினார்கள்? சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்கள். செத்த பற்றரியைத் துளைத்து உப்புத் தண்ணீர் விட்டு இன்னும் இரண்டு நாள் உழைக்கவைத்தார்கள். அதையெல்லாம் முதலில் செய்தவர் யார், எந்த ஊர், எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டால் பதில் இல்லை. பத்திரிகைகளே கொப்பித் தாளில் அச்சான காலம் அது.

எனக்குத் தொழில் பழக்கிய முதலாளி ஒரு கொப்பி வைத்திருந்தார். எந்த றேடியோவில் எந்தக் கொயில், எத்தனை சுற்று, எது எரிந்தால் எதை மாற்றிப் போடலாம் என்று இருபது வருடமாக எழுதிய கொப்பி. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, மழையில், வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது அவர் அதைக் கடையில் விட்டுப்போனார். அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தபோது கடையில் ஓடும் இல்லை, கொப்பியும் இல்லை. அவரும் இப்போது இல்லை. அதிலிருந்தவற்றில் எனக்கு ஞாபகமுள்ளது கால்பங்கு தேறாது.

01.05.2023, திங்கள்

தொழிலாளர் தினம். கடை பூட்டு. பகலிலேயே வாசித்தோம்.

என் ஐயா சுருட்டுத் தொழிலாளி. எங்கள் கொக்குவில் என்றால் சுருட்டு என்று தென்னிலங்கை வரை பேர் இருந்த காலம். கொட்டிலில் கோடா மணக்க வரிசையாக இருந்து சுற்றுவார்கள்; ஒருவர் மட்டும் வேலை செய்யாமல் பத்திரிகையும் தொடர்கதையும் உரத்து வாசிப்பார். அவருடைய கூலியை மற்றவர்கள் பகிர்ந்து கொடுப்பார்கள். பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஐயாவுக்கு உலக அரசியல் தெரிந்தது அப்படித்தான். இன்று மருமகன் வாசிக்க நான் கேட்டபோது அந்தக் கொட்டிலில் இருப்பதுபோல இருந்தது.

1946 மே 7ஆம் திகதி கொம்பனி பதிவானது. டோக்கியோ சூஷின் கோக்யோ என்று பெயர். டோக்கியோ தொலைத்தொடர்பு எந்திரக் கொம்பனி என்று சொல்லலாம். முதல் 1,90,000 யென். ஆட்கள் இருபதுபேர் அளவில். அதற்கு முன்பே, அந்த வருடத் தை மாதத்தில், இபுக்கா ஒரு சாசனம் எழுதிவிட்டார். தொழில் தெரிந்தவன் மனமகிழ்ச்சியோடு தன் முழுத் திறமையையும் காட்டக்கூடிய தொழிற்சாலையாக இது இருக்கவேண்டும். பெருப்பதற்காகப் பெருக்கக் கூடாது. நாட்டைத் தொழில்நுட்பத்தால் கட்டியெழுப்பவேண்டும். விற்பதற்கு உருப்படியான ஒரு சாமான்கூடக் கையில் இல்லாத நாளில் எழுதியது இது!

உண்மையின் மறுபக்கத்தையும் எழுதவேண்டும். இபுக்காவின் மாமனார் தமொன் மயேடா கல்வி மந்திரியாக இருந்தவர். கொம்பனியின் முதல் தலைவர் அவர். மூத்த வங்கியாளர் ஒருவர் ஆலோசனைக்கு வந்தார். மொரிட்டாவின் தகப்பனார் குடும்பத் தொழிலை விட்டுப்போக மகனுக்கு அனுமதி கொடுத்ததோடு காசும் கொடுத்தார். தேசிய வானொலியான என்.எச்.கே. வேலை கொடுத்தது. யப்பானின் யுத்தம் ஒருநாளில் முடிந்தது; நாடு தோற்றாலும் அரசு அவர்களுடைய அரசாக இருந்தது.

எங்களுடைய யுத்தம் முப்பது வருடம் நீண்டு 2009இல் முடிந்தது. 1987 ஒக்டோபரில் பிரம்படியில் இந்தியப் படை பொதுமக்களைக் கொன்றதை இந்த ஊர் இன்னும் ஒவ்வொரு வருடமும் விளக்கேற்றி நினைக்கிறது. படித்தவர்கள் போய்விட்டார்கள். “அவங்கள் செய்தாங்கள், நீங்கள் ஏன் செய்யேல்லை” என்று இளையவர்களை எவராவது கேட்டால் இந்த வித்தியாசத்தை முதலில் சொல்லவேண்டும். சொன்ன பிறகு, அவர்களிடமிருந்து எடுக்கக்கூடியதை எடுக்கவேண்டும்.

02.05.2023, செவ்வாய்

காலையில் பக்கத்து வீட்டிலிருந்து சத்தம். மருமகன் பரீட்சார்த்தமாகப் பூட்டிய கருவி வேலை செய்யவில்லை. தாங்கி வழிந்து முற்றம் முழுக்கத் தண்ணீர். ஏறிப் பார்த்தான். தண்ணீருக்குள் விட்ட செப்பு வயரின் முனைகள் பச்சை பூத்து அரைவாசி தின்றுபோயிருந்தன. மேலே வெள்ளையாகச் சுண்ணாம்புப் படை. பூட்டிப் பதினொரு நாள்.

பெடியன் சோர்ந்துபோனான். இரவு வாசிக்க மனமில்லை என்றான். “வாசி” என்றேன். வந்த பகுதியைக் கேட்டு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

இபுக்காவின் ஆட்கள் செய்த முதற் சாமான்களில் ஒன்று கரண்டில் சோறு சமைக்கும் பானை. மரத்தொட்டி, அடியில் அலுமினியத் தகடுகள். ஈர அரிசியூடாகவே கரண்ட் ஓடும், சூடேறும். நீர் வற்றிச் சோறு வெந்ததும் ஓடப் பாதை இல்லாமல் தானே நிற்கும். எண்ணம் சரி. ஆனால் அரிசிக்கு அரிசி, தண்ணீருக்குத் தண்ணீர் நடத்தை மாறியது. ஒருநாள் கரியும், ஒருநாள் பச்சையரிசியும். கைவிட்டார்கள். பிறகு கரண்டில் சூடாகும் இருக்கை மெத்தை செய்து விற்றார்கள். அதில் தங்கள் கொம்பனிப் பெயரைப் போடத் தயங்கி வேறு பெயர் போட்டார்கள். அந்த மெத்தை பிழைப்பைக் கொண்டு நடத்தியது.

“மாமா, அவையின்ர பானையும் என்ர தாங்கியும் ஒரே தத்துவம்!”

ஓம். தண்ணீரூடாகக் கரண்ட் ஓடுவதை நம்பிய தத்துவம். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது. ஒரே திசையில் கரண்ட் ஓடினால் ஒரு முனை கரையும், மறு முனையில் படை கட்டும். நான் சொன்னேன்: “திசை மாறி மாறி விடு. அதுவும் எந்த நேரமும் விடாதை. நிமிசத்துக்கு ஒருக்கால் தொட்டுப் பார். செம்பை விட்டு ஸ்ரெயின்லெஸ் கம்பி போடு.” வெல்டிங் கடையில் மிஞ்சிய துண்டுக் கம்பி இரண்டு கிடைத்தது.

அன்று டைனமோவின் மாறுகிற கரண்டை ஒரு திசைப்படுத்தப் பாடுபட்டேன். இன்று ஒரு திசைக் கரண்டை மாற்றி விடச் சொல்லிக் கொடுக்கிறேன். அந்த ஐந்து வருடத்தில் கற்றதுதான் இரண்டுக்கும் உதவுகிறது.

பழுதான செப்பு முனைகளை அவன் எறியப் போனான். வாங்கி, கொப்பியில் ஒட்டி, திகதி போட்டு, பக்கத்தில் காரணத்தை எழுதச் சொன்னேன்.

03.05.2023, புதன்

ரேப் ரெக்கோடரின் கதை. அமெரிக்கர் கொண்டுவந்த ஒன்றைப் பார்த்து இபுக்கா அதே ஆவேசமாய்த் திரும்பினார். பிளாஸ்டிக் நாடா யப்பானில் இல்லை. கடதாசியை மெல்லிய கீலமாக வெட்டினார்கள். அதில் பூசக் காந்தத் தூள் வேண்டும். இரும்பு ஒக்ஸலேற்றைச் சாதாரண தாச்சியில் போட்டு, நிறம் மாறும்வரை மரக்கரண்டியால் வறுத்தார்கள். சரியான நிறத்தில் இறக்காவிட்டால் பாழ். பிறகு மென்மயிர்த் தூரிகையால் கையாலேயே பூசினார்கள். தங்கியிருந்த பழைய மரக் கட்டடத்தின் கூரை ஒழுகியது. மேசைமேல் குடை பிடித்து வேலை செய்தார்கள். கந்தோருக்குப் போக, அயலவர் காயப்போட்ட குழந்தைத் துணிகளுக்குக் கீழே குனிந்து போகவேண்டும்.

மனிசி தேத்தண்ணி கொண்டுவந்தவ, அந்த இடத்தைத் திரும்ப ஒருக்கால் வாசிக்கச் சொன்னா.

1950இல் மெசின் வந்தது. பாரமோ பாரம், விலையோ ஒன்றரை லட்சம் யென்னுக்கு மேலே. எல்லோரும் தங்கள் குரலைக் கேட்டு ஆச்சரியப்பட்டார்கள். ஒருவரும் வாங்கவில்லை. ஒருநாள் மொரிட்டா பழம்பொருட் கடையொன்றில், ஒரு பழைய சாடிக்கு ஒருவர் பெருந்தொகை கொடுப்பதைப் பார்த்தார். அதன் பெறுமதி வாங்குகிறவருக்குத் தெரிந்திருந்தது. தன் மெசினின் பெறுமதி யாருக்குத் தெரியும் என்று தேடப் புறப்பட்டார். நீதிமன்றங்களில் சுருக்கெழுத்தாளர் தட்டுப்பாடு. உயர்நீதிமன்றம் இருபது மெசின் எடுத்தது. அடுத்து பள்ளிக்கூடங்கள்.

நான் மருமகனைக் கேட்டேன்: “உன்ர பெட்டி யாருக்கு வேணும்?” எல்லா வீட்டுக்கும் என்றான். எல்லோருக்கும் என்றால் ஒருவருக்கும் இல்லை என்பது என் அனுபவம். இந்த ஒழுங்கையிலேயே பாருங்கள். நாலு வீட்டில் வயதுபோன தாயும் தகப்பனும் மட்டும். பிள்ளைகள் லண்டனிலும் ரொறன்ரோவிலும். மோட்டரைப் போட்டுவிட்டு மறந்துபோவார்கள்; தாங்கியைப் பார்க்க ஏணியில் ஏறி விழுந்தவரும் உண்டு. இந்தப் பெட்டி யாருக்கு வேண்டும் என்றால் அவர்களுக்குத்தான் முதலில். அதன் பெறுமதி தெரிந்தவர்கள் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள்.

அவன் உடனே எழுதிக்கொண்டான்.

04.05.2023, வியாழன்

இன்று கேட்டது ரான்சிஸ்ரர் அத்தியாயம். இதற்காகவே காத்திருந்தேன்.

ரான்சிஸ்ரரைக் கண்டது அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம், 1947 டிசம்பரில். அதன் உரிமத்தை வெஸ்ரர்ன் எலெக்ரிக் கொம்பனி 25,000 டொலருக்கு விற்றது. காது கேளாதோர் கருவிக்கு மட்டும் அது உதவும் என்று அவர்கள் சொல்லியும், றேடியோ செய்யப்போகிறோம் என்றார் இபுக்கா. டொலர் அனுப்ப அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். இந்தச் சின்னக் கொம்பனிக்கு என்ன தெரியும் என்று அமைச்சு இழுத்தடித்தது. அனுமதி 1954இல்தான் வந்தது. டொலர் இல்லாத நாட்டில் சாமான் இறக்குவது என்ன பாடு என்று போன வருடம் எங்களுக்கும் தெரியவந்தது. ஒரு சின்ன ஐசிக்கு மருமகன் எத்தனை மாதம் காத்திருந்தான்!

1954 தையில் கொம்பனியைச் சேர்ந்த கசுவோ இவாமா அமெரிக்கா போனார். தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தார். கேட்டதையும் கண்டதையும் இரவில் ஹோட்டல் அறையில் ஞாபகத்திலிருந்து எழுதி, படம் வரைந்து, டோக்கியோவுக்கு அனுப்பினார். அந்தக் கடிதங்களைப் பார்த்துப் பார்த்தே இங்கே மெசின்களைக் கட்டினார்கள். அவர் திரும்புமுன் ரான்சிஸ்ரர் ஒன்று வேலை செய்தது.

1955இல் அவர்களுடைய முதல் ரான்சிஸ்ரர் றேடியோ ரிஆர்-55 கடைக்கு வந்தது. உலகில் முதலாவது அதுவல்ல. அமெரிக்காவின் றீஜன்சி சில மாதம் முந்திவிட்டது. றீஜன்சி நின்றது. இவர்கள் தொடர்ந்தார்கள். 1957இல் சட்டைப்பைக்குள் அடங்கும் றேடியோ என்று ரிஆர்-63ஐக் கொண்டுவந்தார்கள். அது வழக்கமான பையைவிடச் சற்றுப் பெரிது. விற்பனையாட்களுக்குப் பெரிய பை வைத்த சட்டை தைத்துக் கொடுத்தார்கள். பழுதாகும் ரான்சிஸ்ரர்களை ஆராய்ந்துகொண்டிருந்த லியோ எசாக்கி அதே வருடம் ஒரு புது விளைவைக் கண்டார். 1973இல் நோபல் பரிசு அதற்கே.

பழுதை ஆராய்ந்ததற்கு நோபல் பரிசு. என் மேசையில் குவிந்து கிடக்கும் பழுதுகளை இன்று இரவு வேறு கண்ணால் பார்த்தேன்.

05.05.2023, வெள்ளி

சித்திரா பூரணை. அம்மாவுக்காக விரதம். கோயிலில் சித்திரகுப்தனார் கதை படித்தார்கள். சித்திரைக் கஞ்சி வாங்கிக்கொண்டு வந்தேன்.

தடைக்காலத்தில் எங்கள் வீட்டில் பெடலைச் சுற்றியது அம்மா. தம்பி எங்கேயென்று தெரியாத மாதங்கள். செய்தி முடியும்வரை கை மாற்றாமல் சுற்றுவா. மற்றவர்கள் சுற்றினால் சத்தம் ஏறி இறங்கும். அம்மா சுற்றினால் ஒரே சீராக வரும். அந்தச் சீருக்குக் காரணம் நான் போட்ட கப்பாசிற்றர் என்று அப்போது நினைத்தேன். இன்று கணக்குப் பார்த்தால், அவ்வளவு சின்னக் கப்பாசிற்றரால் அது முடியாது. அது அம்மாவின் கை.

யாருடைய நினைவுக் குறிப்பிலும் அம்மா இல்லை. இன்று இங்கே எழுதுகிறேன்.

06.05.2023, சனி

பெயரின் கதை. 1955இல் மொரிட்டா சின்ன றேடியோவோடு நியூயோர்க் போனார். பெயர்பெற்ற புலோவா கொம்பனி ஒரு லட்சம் றேடியோ கேட்டது. நிபந்தனை ஒன்று: புலோவா என்ற பெயரில் விற்போம். அந்த ஓடர் அவர்களுடைய கொம்பனியின் முதலைவிடப் பலமடங்கு. டோக்கியோவிலிருந்து ஏற்றுக்கொள் என்று செய்தி வந்தது. மொரிட்டா மறுத்தார். ஐம்பது வருடத்துக்கு முன் உங்கள் பெயரையும் யாரும் அறியார், நாங்கள் இன்று அந்த இடத்தில் நிற்கிறோம் என்பது அவர் வாதம். தன் வாழ்வில் எடுத்த மிகச் சிறந்த முடிவு அதுவே என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எல்லா நாட்டு வாயிலும் இலகுவாக நுழையச் சோனி என்று பெயர் வைத்து, 1958 தையில் கொம்பனியின் பெயரையே அதுவாக மாற்றினார்கள்.

யப்பானில் செய்தது என்றால் மலிவு, மட்டம் என்று உலகம் நினைத்த காலம் அது. சட்டப்படி அந்தச் சொல்லைப் போடவேண்டும். எவ்வளவு சிறிதாகப் போடலாமோ அவ்வளவு சிறிதாகப் போட்டார்கள். ஒருமுறை அமெரிக்கச் சுங்கம், இது கண்ணுக்கே தெரியவில்லை, பெரிதாக்கு என்று திருப்பியது. மொரிட்டாதான் பின்னாளில் தன் வாழ்க்கைக் கதைக்கு அதே சொல்லைப் பெரிய எழுத்தில் தலைப்பாக வைத்தார்.

பின்னேரம் பட்டினத்திலிருந்து ஒரு வியாபாரி வந்தார். கருவியைப் பார்த்தார். ஸ்ரெயின்லெஸ் கம்பி போட்டு நாலு நாள், ஒரு பூப்பும் இல்லை. ஐம்பது வேண்டும் என்றார். “ஆனால் தம்பி, இங்க செய்தது எண்டு ஒண்டும் போடாதையுங்கோ. வெளிச்சாமான் எண்டால்தான் சனம் வாங்கும்.”

மருமகன் என்னைப் பார்த்தான். நான் வாய் திறக்கவில்லை. இது அவன் பிழைப்பு. மூன்று பெடியளின் பிழைப்பு. மொரிட்டாவுக்கு இருந்த குடும்பச் சொத்து இவனுக்கு இல்லை. மறுத்துவிடு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

கொஞ்ச நேரம் யோசித்து அவன் சொன்னான்: “ஐயா, முன்பக்கத்தில ஒண்டும் போடேல்லை. பின்பக்கத்தில சின்னனா ஊரின்ர பேர் இருக்கும். பழுதானால் கொண்டுவாறதுக்கு இடம் தெரியவேணுமெல்லோ.”

வியாபாரி யோசித்துவிட்டு இருபதுக்குச் சம்மதித்தார்.

07.05.2023, ஞாயிறு

இன்றைக்குச் சரியாக 77 வருடத்துக்கு முன், இதே திகதியில், குடையின் கீழிருந்து வேலை செய்யப்போகும் அந்த இருபதுபேர் கொம்பனி பதிந்தார்கள். இபுக்கா 1997இலும் மொரிட்டா 1999இலும் போய்ச் சேர்ந்தார்கள்.

பத்து நாளாகக் கேட்டதைத் திரும்பிப் பார்க்கிறேன். அவர்களுடைய கெட்டித்தனம் எங்களிடமும் இருந்தது. சிரட்டைக் கரியில் அயன் காய்ச்சியவன், தாச்சியில் காந்தத்தூள் வறுத்தவனுக்குக் குறைந்தவன் இல்லை. மூலதனமும் அரசும் அவர்களுக்கு இருந்தன, எங்களுக்கு இல்லை. அது எங்கள் கைக்குள் அடங்கிய காரியமும் இல்லை. கைக்குள் அடங்கிய ஒன்றையும் நாங்கள் செய்யவில்லை. அவர்கள் ஒவ்வொரு படியிலும் எழுதினார்கள். ஒரு பத்திரிகைப் பத்தி இரண்டு பேரைச் சேர்த்தது. ஒரு சாசனம் இருபது பேருக்குத் திசை காட்டியது. ஹோட்டல் அறைக் கடிதங்களிலிருந்து அவர்களுடைய ரான்சிஸ்ரர் பிறந்தது. ஒரு புத்தகம், தொடங்கியவர் இறந்த பின்னும், கொக்குவிலில் ஒரு பின் அறைக்கு வந்து சேர்ந்தது. திருத்துகிற கை உருவாக்குகிற கையாக மாறுவதற்கு இடையில் ஒரு கொப்பி வேண்டும். எங்களிடம் அது மழையில் போயிற்று. பிறகு நாங்கள் மறு கொப்பி வாங்கவில்லை.

காலையில் கடையடியில் ஒரு புதுக் கொப்பி வாங்கினேன். முதலாம் பக்கத்தில் டைனமோ றேடியோவை வரைந்தேன். நான்கு டயோட், ஒரு கப்பாசிற்றர், 6 வோல்ற். சுற்றியவர்: அம்மா. இரண்டாம் பக்கத்தில் முதலாளியின் பெயரையும், அவர் கொப்பியிலிருந்து எனக்கு ஞாபகமுள்ள கொயில் கணக்கையும் எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் மருமகன் தன் தாங்கிக் கருவியின் படத்தை வரைந்து, கரைந்த செப்பு முனைகளை அதன் பக்கத்தில் ஒட்டினான்.

குடாநாட்டில் அந்த ஐந்து வருடமும் இருந்தவர்களிடம், இன்று எந்த நாட்டில் இருந்தாலும், ஒன்று கேட்கிறேன். விளக்கோ, மோட்டரோ, சவர்க்காரமோ, மருந்தோ, நீங்கள் கையால் செய்து பிழைத்த ஒன்றை, செய்த முறையோடும் பிழையாய்ப்போன முறையோடும் எழுதுங்கள். ஊரையும் திகதியையும் போடுங்கள். உங்கள் பெயரைப் போடுங்கள். வீட்டில் இருக்கும் பிள்ளையின் கையில் அந்தக் கொப்பியைக் கொடுத்துவிடுங்கள். எங்களில் பலருக்கு எழுபது ஆகிறது.